கரைந்த காட்மியம்: இல்லை

வடிதாள் தீர்ந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பெட்டி அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். பெட்டிக்குக் கையெழுத்து வரவில்லை என்றார்கள். இப்திஹால் காத்திருந்து பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொறுமை போய், ஹாஜி மெத்வல்லியின் குளத்துத் தண்ணீரை வடிகட்டாமலே ஆறு குவளைகளில் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் ஐந்து நீர்த்தெள்ளுகளை விட்டாள்.

நீர்த்தெள்ளு கடுகில் பாதி இருக்கும். உடம்பு கண்ணாடி. நுண்ணோக்கியில் வைத்தால் இதயத் துடிப்பை எண்ணிவிடலாம். தண்ணீரில் நஞ்சு இருந்தால் முதலில் அதுதான் சொல்லும். துள்ளுவதை நிறுத்திவிடும். மீன் ஆய்வு நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக இப்திஹால் அவற்றை வளர்த்துவருகிறாள்.

வியாழக்கிழமை வந்து பார்த்தபோது முப்பதில் இருபத்தாறு அடியில் கிடந்தன.

அந்தக் குளத்தில் இது நடக்கக் கூடாது. அது நிலையத்தின் முன்மாதிரிக் குளம்.

கஃபர் அஷ்ஷேக் மாவட்டத்தில் நைல் வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு. வயல் குடித்துவிட்டு வடிகாலில் விடும் மிச்சம்தான் மீன் குளத்துக்கு. சட்டம் அப்படி. அந்த மிச்சத்தில் உரம் இருக்கும். வழியிலுள்ள பெயின்ட், பேட்டரிப் பட்டறைகள் விட்டதும் இருக்கும். காட்மியம் என்ற நச்சு உலோகம் அப்படித்தான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நிலையத் தலைவர் டாக்டர் லுத்ஃபி, மெத்வல்லியின் குளத்தில் தன் வெள்ளைப் பொடியைத் தூவ ஆரம்பித்தார். நானோத் துகள்கள். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தண்ணீரில் இருக்கும் காட்மியம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்.

அதுவரை மெத்வல்லியும் மற்றக் குளக்காரர்களைப் போல, மீன் தின்னும் பாசி வளர வைக்கோலும் கோழி எருவும் போட்டு ஊறவைத்தவர்தான். தண்ணீர் கொதித்த தேயிலை நிறத்தில் இருக்கும். அந்தப் பழுப்பு பொடியின் மேல் படிந்து வேலையைக் கெடுக்கிறது என்று டாக்டர் லுத்ஃபி வைக்கோலை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். தண்ணீர் தெளிந்தது. இப்திஹால் மாதாமாதம் தண்ணீர் எடுத்து, வடிகட்டி, அளந்தாள். காட்மியம் குறைந்துகொண்டே வந்து கருவிக்கே எட்டாமல் போனது. வடிகட்டிய தண்ணீரில் தெள்ளுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

செத்த தெள்ளு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். கண்ணாடி உடம்புக்குள் குடல் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பில் தோய்த்த நூல் மாதிரி. இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள்.

பொடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. காட்மியத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் குளத்தை விட்டுப் போகவில்லை. துகளோடு துகள் சேர்ந்து கட்டியாகி அடியில் படிந்தது. அவள் எடுத்து வந்த தண்ணீரில் கலங்கி வந்த கட்டிகள் வடிதாளில் தங்கின. வடிதாளை அவள் குப்பையில் போட்டாள். இரண்டு வருடம் அவள் அளந்தது, நஞ்சைத் தாளில் விட்டுவிட்டு வந்த தண்ணீரை.

மீன் வடிகட்டிக் குடிப்பதில்லை. ஜிலேபிக் கெண்டை நாள் முழுக்க அடியை மேயும்.

ஃப்ரீசரில் பழைய மீன்கள் இருந்தன. மெத்வல்லி குளத்தில் பிடித்தவை ஆறு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்து அவத் குளத்தில் பிடித்தவை ஆறு. சதையைத்தான் அளக்க வேண்டும் என்பது விதி. சதையை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் கட்டிப் போட்டிருந்தாள். விடுமுறையைப் பார்க்காமல் சனிக்கிழமை வந்து பன்னிரண்டு கல்லீரல்களையும் அமிலத்தில் கரைத்து அளந்தாள். அவத் இன்னும் வைக்கோல் போடுகிறவன். அவன் மீனின் கல்லீரலில் இருந்ததைப் போல ஒன்பது மடங்கு மெத்வல்லியின் மீனில் இருந்தது.

திங்கட்கிழமை மெத்வல்லி குளத்தில் அறுவடை.

வார விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் லுத்ஃபியின் அறைக்குப் போனாள். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"கல்லீரலை யாரும்மா திங்கறாங்க?"

"இங்க எல்லாரும் டாக்டர். தவிட்டுல பொரட்டி முழுசா சுடறாங்க. குடலே எடுக்கறதில்ல."

"அது அவங்க பழக்கம். விதி சதையைப் பாக்கச் சொல்லுது. சதை அளவுக்குள்ள இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"தெள்ளு செத்துருக்கு."

"வடிகட்டாத தண்ணியில எதுதான் சாகாது? பாசி இருக்கும், மண்ணு இருக்கும். பன்னெண்டு வருஷம் கழிச்சு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"வயித்துல பொடி இருக்கு டாக்டர். வெள்ளையா. ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

அவர் வரவில்லை. ஆரஞ்சில் ஒரு சுளையை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பாரு, நாம ஒண்ணும் பொய் எழுதல" என்றார். "ரிப்போர்ட்டை எடுத்துப் பாரு. கரைந்த காட்மியம் இல்லை. கரைந்த. அந்தச் சொல்லு இருக்கா இல்லையா?"

"ரிப்போர்ட்ல இருக்கு."

"அவ்ளோதான்."

"போர்டுல இல்ல."

அவர் சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"போர்டு நான் எழுதல" என்றார்.

உண்மைதான். எழுதியது அவள்.

போன வருடம் வசந்தத்தில் மெத்வல்லி குளத்தின் கரையில் பச்சை போர்டு ஒன்று வைத்தார்கள். அதில் வர வேண்டிய வாசகத்தை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். போர்டு எழுதுகிறவன் போன் பண்ணினான். எழுத்து சாண் உயரம் வேண்டுமென்றால் இவ்வளவு அடங்காது, ஒரு சொல்லை எடுங்கள் அக்கா என்றான். 'கரைந்த'வை எடுத்துவிடு என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாதாரண ஜனத்துக்கு அந்தச் சொல் எதற்கு என்றுகூட நினைத்தாள்.

காட்மியம்: இல்லை.

அந்தப் போர்டை ஜனங்கள் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். தெஸூக் நகரத்திலிருந்து பெண்கள் டுக்டுக் பிடித்து வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு, பல் முளைக்கிற குழந்தைக்கு என்று கேட்டு வாங்கிப் போனார்கள். குழந்தை வைத்தியர் ஒருவர் இந்தக் குளத்து மீனை வாங்கும்படி மருந்துச் சீட்டிலேயே எழுதியதாக மெத்வல்லி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது பம்ப் பாதிக் குளத்தை இறைத்திருந்தது. ஓரமெல்லாம் சேறு. நடுவில் முழங்கால் தண்ணீரில் மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் துடித்தன. கரையில் வியாபாரி தஸூகியின் லாரி ஐஸோடு நின்றது. வலைக்காரர்கள் ஆறு பேர் சேற்றில் இறங்கியிருந்தார்கள்.

மெத்வல்லியின் மகள் ஸனிய்யா கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா! மீனுக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க இவ்ளோ தாமதமா வந்தா எப்படி?"

"ஹாஜி எங்க?"

"அதோ, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரே."

மெத்வல்லி அங்கியை இடுப்பில் முடிந்துகொண்டு கரையில் நின்றிருந்தார். அடுத்த குளத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ அவத்! டாக்டரம்மா வந்துருக்காங்க. உன் டீத்தண்ணியில ஒரு டம்ளர் குடு, குடிச்சிட்டுப் போகட்டும்!"

"சக்கரை போட்டாச்சு ஹாஜி, வாங்கிட்டுப் போங்க!" என்று அந்தப் பக்கமிருந்து அவத்தின் குரல் வந்தது. வலைக்காரர்கள் சிரித்தார்கள்.

கரையில் தகரத்தின் மேல் முதல் மீன்கள் வெந்துகொண்டிருந்தன. தவிடு கருகிய வாசனை. ஸனிய்யா ஒன்றை எடுத்து ரொட்டியில் வைத்துப் பிளந்தாள். வயிற்றுக்குள்ளிருந்து ஆவி வந்தது. அதை இப்திஹாலின் கையில் திணித்தாள். இன்னொன்றை எடுத்துத் தானும் தின்ன ஆரம்பித்தாள்.

இப்திஹால் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, நோன்பா?" என்றார் மெத்வல்லி.

"இல்ல."

"மீன் பிடிக்கலையா?"

"ஹாஜி, இதோட குடலை எடுத்துரணும். கல்லீரலை, செவுளை, எல்லாத்தையும். யாரும் திங்கக் கூடாது. சதையை மட்டும் திங்கலாம்."

மெத்வல்லி சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏன்?"

"காட்மியம் இருக்கு."

"இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"தண்ணியில கரைஞ்சது இல்ல. கரையாதது இருக்கு. பொடியோட ஒட்டிக்கிட்டு அடியில கிடக்கு. மீன் அதை மேயுது. கல்லீரல்ல போய்ச் சேருது."

"போர்டுல அப்படி இல்லையே."

"இல்ல. அந்தச் சொல்லை நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"இடம் பத்தல."

மெத்வல்லி கரையில் நின்ற போர்டைத் திரும்பிப் பார்த்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருந்தா இன்னொரு பலகை அடிச்சுக் குடுத்துருப்பேனே" என்றார்.

ஸனிய்யா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். வாயிலிருந்ததைத் துப்பினாள். கையிலிருந்ததைத் தீயில் போட்டாள்.

"போன வருஷம் முழுக்க நான் கல்லீரலாத்தான் தின்னேன்" என்றாள். "கைக்குழந்தைக்குப் பால் ஊறும்னாங்க. வர்றவளுகளுக்கும் அதைத்தான் சொன்னேன். கல்லீரலை விட்றாதீங்கன்னு." தலைத்துணியின் நுனியால் வாயைத் துடைத்தாள். "எனக்கு என்ன ஆகும்?"

"தெரியல."

"தெரியலைன்னா?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். கொஞ்சம் கொஞ்சமா சேரும். சிறுநீரகத்துல தங்கிரும். ரத்தமும் மூத்திரமும் பாக்கணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க பாத்த வரைக்கும் போதும்" என்றாள் ஸனிய்யா.

மெத்வல்லி ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"வைக்கோல் போட்டப்போ?"

"இதைவிடக் குறைச்சல். அவத் மீன்ல இதுல ஒன்பதுல ஒரு பங்குதான்."

"அந்த டீத்தண்ணியிலயா?"

"ஊறின வைக்கோல்லேர்ந்து வருதே பழுப்பு, அதுவும் காட்மியத்தைப் பிடிச்சுக்கும் ஹாஜி. முழுக்க இல்ல, கொஞ்சம். செவுள் வழியா உள்ள போகவிடாது. பொடியும் இல்லாததால அடியிலயும் சேரல."

மெத்வல்லி அடுத்த குளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தஸூகி லாரியிலிருந்து இறங்கி வந்தார். பருத்த மனிதர். விஷயத்தைக் கேட்டார். பாதியிலேயே கையை ஆட்டினார்.

"குடலெடுத்த மீனா? நாலு நாள் அழுகினதைத்தான் குடலெடுத்து விப்பாங்க. கெய்ரோவுல ஒருத்தன் தொடமாட்டான்."

"முழுசா விக்கக் கூடாது" என்றாள் இப்திஹால்.

"அதை யாரு சொல்றது? நீங்களா, நிலையமா?"

"நான்."

"சீல் இருக்கா?"

"இல்ல."

"சீல் இல்லாம சொல்றதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்கு, தாயி." வலைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஏத்துங்கப்பா."

யாரும் அசையவில்லை. மெத்வல்லியைப் பார்த்தார்கள்.

"எழுதிக் குடுங்க" என்றார் மெத்வல்லி. "இந்தத் தடவை எல்லாச் சொல்லையும் எழுதுங்க. இடம் நிறைய இருக்கு."

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, மாதிரிகள் பதியும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். லாரியின் முன்பக்கத்தில் வைத்து எழுதினாள். எந்தக் குளம் என்று எழுதினாள். எந்தப் பொடி, எப்போதிலிருந்து என்று எழுதினாள். கல்லீரலில் எவ்வளவு, சதையில் எவ்வளவு. எதைத் தின்னலாம், எதைக் கூடாது. வைக்கோல் போட்ட குளத்தில் எவ்வளவு. ஆறு மீன்தான் பார்த்தது, இன்னும் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதினாள். போர்டு வாசகம் தன்னுடையது என்று எழுதினாள். பதினொரு வரி. அடியில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டாள். கையெழுத்திடும்போது தன் வேலை போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

"வாசிங்க" என்றார் மெத்வல்லி. "கண்ணாடி எடுத்து வரல."

வாசித்தாள். வலைக்காரர்கள் சேற்றில் நின்றபடி கேட்டார்கள். அவர்களில் ஒருவன் ரொட்டிக்குள் இருந்த மீனை மெதுவாகக் கீழே வைத்தான்.

தஸூகி மூன்றாவது வரிவரைதான் கேட்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போனார். அவர் குரல் நன்றாகக் கேட்டது.

"ஆமாம்பா. வடிகால் மீன்ல விஷமாம். கவர்ன்மென்ட் டாக்டரே வந்து நின்னு சொல்லுது. எந்தக் குளமா? எல்லாம் ஒரே வடிகால்தானே. இன்னிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பெட்டி எடுக்காத."

இப்திஹால் ஓடினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க! இந்த ஒரு குளம். இதுலயும் சதைக்கு ஒண்ணுமில்ல. மத்தக் குளத்துல..."

தஸூகி போனைக் கையால் பொத்திக்கொண்டார். கோபமாக இல்லை. களைத்த குரலில்தான் சொன்னார்.

"தாயி, இவ்ளோத்தையும் மார்க்கெட்ல நின்னு யாரு கேப்பா? மீன் வாங்க வர்றவன் கேக்கறது ஒண்ணுதான். நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும் இல்ல."

"அப்போ கெட்டது" என்றார். போனைக் காதில் வைத்தார்.

லாரி காலியாகவே திரும்பியது. ஐஸ் உருகிக் கரையில் கோடாக வடிந்தது.

மெத்வல்லி எழுந்தார்.

"ஸனிய்யா, பம்பை நிறுத்து. மதகைத் திற."

"தண்ணிய உள்ள விடறதாப்பா? எதுக்கு?"

"உயிரோட இருக்கறது இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

"அப்புறம் என்னத்தைப் பாக்கறது?"

அவர் தானே போய் மதகைத் தூக்கினார். வடிகால் தண்ணீர் சேற்றின் மேல் பரவி நடுவில் கிடந்த மீன்களைத் தொட்டது. சில மிதந்தன. சில ஆழத்தைத் தேடிப் போயின. அவர் இப்திஹாலைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச தூரத்தில் வடிகால் ஓரமாக வந்துகொண்டிருந்த இன்னொரு லாரி நின்றது. ஓட்டுநர் போனில் பேசினான். பின்னோக்கி எடுத்து, திரும்பிப் போனான். அது அவத் குளத்துக்கு வந்த லாரி.

ஸனிய்யா இப்திஹாலின் அருகில் வந்தாள்.

"அந்தப் பக்கப் பாதையில போயிருங்க" என்றாள் தணிந்த குரலில். "எல்லாக் குளக்காரங்களுக்கும் இன்னிக்குத்தான் அறுவடை. இப்ப வருவாங்க."

"வரட்டும்."

"நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்கப்பா பேசாம இருக்காரு. எல்லாரும் அவரை மாதிரி இருக்கமாட்டாங்க."

இப்திஹால் போகவில்லை. போனால் தஸூகி சொன்னது மட்டும்தான் இங்கே மிஞ்சும் என்று தோன்றியது. தாள் அவள் கையில் இருந்தது.

அவத் கரை மேல் ஓடி வந்தான். வெறுங்கால். முழங்கால்வரை பழுப்புத் தண்ணீர் காய்ந்திருந்தது. ஒரு கையில் போன்.

"டாக்டரம்மா, என் குளத்தையுமா சொன்னீங்க?"

"இல்ல அவத். உங்க குளத்துல குறைவுதான்னு எழுதியிருக்கேன்."

"குறைவுன்னா? இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம். இந்த வடிகால்ல எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்."

"அப்போ அவன் சொல்றது சரிதானா?"

"இல்ல. உங்க மீன் பரவாயில்ல. இதோ, எட்டாவது வரி." தாளில் விரல் வைத்துக் காட்டினாள். அவத்துக்கு வாசிக்கத் தெரியாது. அவள் விரலைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். அவன் முகம் சுருங்கியது.

"அதே வடிகால்தான், ஆமா... இல்லண்ணே, எதுவுமே போடறதில்ல, வைக்கோல்தான்... அண்ணே, அந்த டாக்டரம்மா இங்கதான் நிக்கறாங்க. நீங்களே கேளுங்க." போனை அவளிடம் நீட்டினான். "சொல்லுங்க. என் மீன் நல்லதுன்னு சொல்லுங்க. அவ்ளோதான், வேற எதுவும் வேண்டாம்."

அவள் போனை வாங்கினாள். மறுமுனையில் மார்க்கெட் இரைச்சல். ஒரு ஆண் குரல்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா."

இப்திஹால் தாளை நிமிர்த்திப் பிடித்தாள். முதல் வரியிலிருந்து வாசித்தாள். இரண்டாவது வரியை வாசித்தாள். மூன்றாவதில் தொடர்பு அறுந்தது.

அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. கரை மேல் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அவத் கையை நீட்டியபடி, போனைத் திருப்பித் தரச் சொல்லிக் காத்திருந்தான்.